ஒவ்வொரு கதவாகச் சாத்தப்பட்ட பஞ்சம்: ஹோலோடோமோர் நூல்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீட்டு அலமாரியில் பழைய சோவியத் புத்தகங்கள் ஒரு வரிசை இருந்தன. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகிக் கப்பலேறி வந்தவை. நல்ல தாள், கெட்டி அட்டை, விலையோ சல்லிசு. ‘கூட்டுப்பண்ணை’ என்ற சொல்லை நான் முதலில் படித்தது அவற்றில்தான். பக்கத்திலேயே ஒரு படம் இருக்கும்: டிராக்டர், முற்றிய கோதுமை, சிரித்த முகங்கள். அந்தக் கூட்டுப்பண்ணைகள் உருவான அதே ஆண்டுகளில், அப்போது சோவியத் ஒன்றியத்தின் ஒரு பகுதியாக இருந்த உக்ரைனில் சுமார் 39 லட்சம் பேர் பசியால் செத்தார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

2022-க்குப் பிறகு உக்ரைன் வரலாற்று நூல்களைத் தேடிப் படிப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் 1932-33 பஞ்சம் என்றதும் பேச்சு மூன்று பக்கமாகப் பிரிந்துவிடுகிறது. மழை பொய்த்தது, அவ்வளவுதான் என்பார் ஒருவர். ஸ்டாலின் ஒரு நாள் உத்தரவு போட்டு ஒரு நாட்டையே பட்டினி போட்டார் என்பார் இன்னொருவர். எல்லாம் மேற்கத்தியப் பிரச்சாரம் என்று மூன்றாமவர் தள்ளிவிடுவார். இந்த மூன்றில் எதை மனதில் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாலும் பாதி பக்கங்கள் புரியாது. நடந்தது எப்படி நடந்தது என்ற எலும்புக்கூடு மட்டும் தெரிந்திருந்தால் போதும், மற்றதைப் புத்தகங்கள் பார்த்துக்கொள்ளும்.

## பெயர்

உக்ரைனிய மொழியில் ‘ஹோலோட்’ என்றால் பசி. ‘மோர்’ என்றால் கொத்துக் கொத்தான சாவு. இரண்டும் சேர்ந்து ஹோலோடோமோர், உக்ரைனின் 1932-33 பஞ்சத்துக்கு இதுதான் பெயர். நாம் ‘பஞ்சம்’ என்று சொன்னால் வெடித்த வயலும் மேகமில்லாத வானமும் நினைவுக்கு வரும். அந்தப் படத்தை முதலில் கழற்றி வைக்க வேண்டும். இது நடந்த இடம் உலகின் மிக வளமான கரிசல் மண்களில் ஒன்று.

## பசி வந்தால் ஒரு வீடு என்ன செய்யும்?

ஒரு விவசாயக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மகசூல் குறைந்துவிட்டது. உடனே யாரும் செத்துப்போவதில்லை. குதிரில் பழைய தானியம் இருக்கும். அது தீர்ந்தால் ஆட்டையோ மாட்டையோ விற்பார்கள். அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவார்கள். கடையில் கடன் சொல்வார்கள். நகையை அடகு வைப்பார்கள். வேறு வழியே இல்லையென்றால் விதைக்கு வைத்ததையும் தின்பார்கள். அதுவும் போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போவார்கள். கடைசியாக, வெளியிலிருந்து யாராவது கஞ்சி ஊற்றுவார்கள் என்ற நம்பிக்கை.

ஆக, விளைச்சல் குறைவுக்கும் சாவுக்கும் நடுவே ஏழெட்டுக் கதவுகள் இருக்கின்றன. ஒன்று மூடினால் இன்னொன்று வழியாகத் தப்பிப்பார்கள். லட்சக்கணக்கில் மக்கள் சாக வேண்டுமானால் அத்தனை கதவுகளும் ஒரே சமயத்தில் மூடியிருக்க வேண்டும். ஹோலோடோமோரில் இந்தக் கதவுகளில் பல அரசாணைகளால் மூடப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு.

## வாரமா, குத்தகையா?

முதலில் தானியம் எப்படி வெளியே போனது என்று பார்ப்போம். நிலத்தை இன்னொருவருக்கு உழக் கொடுப்பதில் நம் பக்கம் இரண்டு முறை உண்டு. வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. விளைச்சல் குறைந்தால் நிலக்காரருக்கும் குறையும். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய மூட்டையை அளந்துவிட வேண்டும். நட்டம் முழுக்க உழுதவன் தலையில்.

சோவியத் அரசின் கட்டாயக் கொள்முதல் இந்தக் குத்தகையைப் போன்றது, அதைவிடக் கொடியது. கட்டாயக் கொள்முதல் என்பது, இந்தப் பகுதி இத்தனை டன் தானியம் கொடுத்தே ஆக வேண்டும் என்று மேலிருந்து இலக்கு வைத்து, பேருக்கு ஒரு விலை கொடுத்து எடுத்துக்கொள்வது. 1930-ல் விளைச்சல் நன்றாக இருந்தது. உக்ரைனிலிருந்து சுமார் 77 லட்சம் டன் எடுத்தார்கள். 1931-ல் விளைச்சல் சரிந்தது, இலக்கு மட்டும் அதே 77 லட்சம். அந்த ஆண்டே கிராமங்களில் கையிருப்பு துடைக்கப்பட்டுவிட்டது. 1932 வசந்தத்தில் சில பகுதிகளில் சாவுகள் தொடங்கிவிட்டன. 1932-ன் இலக்கைக் குறைத்தார்கள், பிறகு மறுபடியும் குறைத்தார்கள். ஆனால் விளைச்சல் அதைவிட வேகமாகக் குறைந்திருந்தது.

விளைச்சல் ஏன் குறைந்தது? வானிலையும் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பெரிய காரணம் 1929 கடைசியில் தொடங்கிய கூட்டுப்பண்ணை முறை. தனித்தனிக் குடும்பங்களின் நிலம், மாடு, கலப்பை எல்லாவற்றையும் சேர்த்து அரசின் பிடியில் ஒரே பண்ணையாக்குவதுதான் அது. விரும்பிச் சேர்ந்தவர்கள் குறைவு. பண்ணைக்குக் கொடுப்பதைவிட வெட்டித் தின்றுவிடலாம் என்று விவசாயிகள் கால்நடைகளை அறுத்தார்கள். 1929-க்கும் 1933-க்கும் இடையில் சோவியத் ஒன்றியத்தில் குதிரைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. குதிரை போனால் உழவு போயிற்று.

‘குலாக்’ என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம், எல்லாப் புத்தகத்திலும் வரும். பணக்கார விவசாயி என்பது அகராதிப் பொருள். நடைமுறையில் இரண்டு பசு வைத்திருந்தவர், அறுப்புக்குக் கூலியாள் வைத்தவர், கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர் எல்லாருமே குலாக் ஆனார்கள். இந்தப் பட்டம் விழுந்த குடும்பங்களின் சொத்தைப் பறித்து, பலரைச் சைபீரியா, உரால், கஜகஸ்தான் பக்கம் நாடு கடத்தினார்கள். ஊரில் விவசாயம் நன்றாகத் தெரிந்தவர்கள் பலர் இப்படிப் போனார்கள். அடுத்த ஆண்டு விளைச்சல் எப்படி இருக்கும்?

எடுத்த தானியம் நகரத் தொழிலாளர்களுக்கும் படைக்கும் போனது. ஒரு பகுதி ஏற்றுமதியானது, அந்தப் பணத்தில் தொழிற்சாலை இயந்திரங்கள் வாங்கினார்கள். 1930, 1931-ல் சோவியத் ஒன்றியம் ஆண்டுக்கு சுமார் 50 லட்சம் டன் தானியம் ஏற்றுமதி செய்தது. பசி உச்சத்தில் இருந்த 1932-லும் 1933-லும் அது வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஆண்டுக்கு 16 லட்சம் டன்னுக்கு மேல் போய்க்கொண்டுதான் இருந்தது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: அரசின் கொள்கையே விளைச்சலைக் கெடுத்தது. கெட்ட விளைச்சலிலிருந்து நல்ல விளைச்சலுக்கான அளவை எடுத்தார்கள். இந்த அளவில் நின்றிருந்தால் இது சோவியத் ஒன்றியம் முழுவதும் பரவிய ஒரு கொடும் பஞ்சமாக இருந்திருக்கும். கஜகஸ்தானிலும் அப்படித்தான் நடந்தது. மேய்ச்சல் மக்களின் மந்தைகள் அழிந்து சுமார் 15 லட்சம் பேர் இறந்தார்கள். மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் அது உக்ரைனைவிடப் பெரிய இழப்பு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் உக்ரைனில் 1932 இலையுதிர்காலத்திலிருந்து கதை வேறு பக்கம் திரும்புகிறது.

## கதவுகள் மூடிய தேதிகள்

1932 ஆகஸ்ட் 7. பண்ணைச் சொத்தைத் திருடினால் சுட்டுக் கொல்லலாம், கருணை காட்டினால் பத்தாண்டுச் சிறை என்று ஒரு சட்டம் வந்தது. அறுத்த வயலில் கிடந்த கதிரைப் பொறுக்கியவர்கள் மீதும் இது பாய்ந்தது. மக்கள் அதற்கு ‘ஐந்து கதிர் சட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். பொறுக்கித் தின்னும் கதவு மூடியது.

1932 நவம்பர் 18. உக்ரைன் கட்சித் தலைமையின் தீர்மானம் ஒன்று இரண்டு கதவுகளைச் சாத்தியது. முதலாவது கறுப்புப் பட்டியல். இலக்கை எட்டாத கிராமத்தின் பெயர் அதில் ஏறினால், கடைச் சரக்கு முழுவதையும் அள்ளிப் போவார்கள். உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி எதுவும் வராது, கடனும் கிடையாது. இரண்டாவது பொருளபராதம், அதாவது தானியம் கொடுக்க முடியாதவரிடம் அபராதமாக இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் எடுப்பது. ஹோலோடோமோரின் நடுமுள் இதுதான் என்று நினைக்கிறேன். தானியம் இல்லை என்பது தெரிந்துதான் மற்ற உணவைக் கேட்கிறார்கள்.

எடுக்க வந்தவர்கள் குழுக்களாக வந்தார்கள். வெளியூர்க் கட்சிக்காரர்கள் இருந்தார்கள், உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். கையில் நீண்ட இரும்புக் கம்பி. தரையையும் அடுப்படியையும் தோட்டத்து மண்ணையும் குத்திப் பார்ப்பார்கள். உயிர் தப்பியவர்களின் நினைவுகளில் இந்தக் கம்பி திரும்பத் திரும்ப வருகிறது. டிசம்பர் கடைசியில் பண்ணைகளின் விதைத் தானியத்தையும் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

1932 டிசம்பர் 27. நகரத்தில் வாழ உள்நாட்டுக் கடவுச்சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. விவசாயிகளுக்கு அது கிடையாது. 1933 ஜனவரி 22. ஸ்டாலினும் சோவியத் பிரதமர் மொலோதொவும் கையெழுத்திட்ட ஆணை, உக்ரைனிலிருந்தும் பக்கத்துக் குபான் பகுதியிலிருந்தும் விவசாயிகள் வெளியேறுவதைத் தடுத்தது. உக்ரைனியர்கள் நிறைய வாழ்ந்த பகுதி குபான். ரயில் சீட்டு விற்பனை நிறுத்தப்பட்டது. அடுத்த சில வாரங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து, பெரும்பாலானவர்களை ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த ஊரில் சாப்பிட ஒன்றுமில்லை.

நகைக் கதவு மட்டும் திறந்திருந்தது. ‘தோர்க்சின்’ என்ற அரசுக் கடைகளில் தங்கம், வெள்ளி கொடுத்தால் மாவு கிடைக்கும். கல்யாண மோதிரமும் கழுத்துச் சிலுவையும் அங்கே போயின. நம் அடகுக் கடையில் பணம் கட்டினால் நகையை மீட்கலாம், இங்கே அதுவும் இல்லை.

அப்புறம், வெளியுலக உதவி. 1921-ல் பஞ்சம் வந்தபோது லெனினின் அரசு அதை ஒப்புக்கொண்டது, அமெரிக்க நிவாரணம் வந்தது. 1933-ல் பஞ்சமே இல்லை என்றார்கள். இல்லாத பஞ்சத்துக்கு நிவாரணம் எப்படி வரும்?

## எத்தனை பேர்? எண்களைப் படிப்பது

ஒரு புத்தகத்தில் 26 லட்சம், இன்னொன்றில் 39 லட்சம், ஒரு மேடையில் 70 லட்சம், இன்னொரு மேடையில் ஒரு கோடி. இதைப் பார்த்ததும், அப்படியானால் யாருக்கும் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஒரு தெருவில் வருடத்துக்குச் சராசரியாக 5 பேர் இறப்பார்கள் என்று வையுங்கள். ஒரு வருடம் 40 பேர் இறந்தார்கள். மருத்துவர் காய்ச்சல் என்று எழுதியிருக்கலாம், மாரடைப்பு என்று எழுதியிருக்கலாம். காரணம் எதுவானாலும் 35 சாவு வழக்கத்துக்கு மேலே. இதைத்தான் மிகைச் சாவு என்கிறார்கள். சாவுப் பதிவில் ‘பசி’ என்று எழுதுவதே தவிர்க்கப்பட்ட நாட்டில் இந்த வழிதான் நம்பகமானது. உக்ரைனிய மக்கள்தொகை ஆய்வாளர்கள் சொல்லும் 39 லட்சம் இப்படி வந்தது. இதோடு பிறக்காமல் போன குழந்தைகள் சுமார் 6 லட்சத்தைச் சேர்த்தால் 45 லட்சம் ஆகிவிடும். இரண்டையும் கலந்து, எல்லாமே சாவு என்று எழுதும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். சாவு மட்டுமா, பிறவாத பிறப்பும் சேர்த்தா? உக்ரைன் மட்டுமா, சோவியத் ஒன்றியம் முழுவதுமா? இதற்குப் பதில் சொல்லாத நூலின் எண்ணை நான் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கோடி போன்ற எண்களை இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. 39 லட்சம் போதாதா என்ன?

எண்ணை மறைக்கவும் முயன்றார்கள். 1937 ஜனவரியில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எதிர்பார்த்ததைவிடப் பல லட்சம் பேர் குறைவு. அரசு அந்தக் கணக்கெடுப்பையே ரத்து செய்தது. நடத்திய அதிகாரிகள் கைதானார்கள், சிலரைச் சுட்டுக் கொன்றார்கள்.

படித்தவற்றில் என்னை நிறுத்தி வைத்த எண் வேறு. 1933-ன் சாவு வேகம் அப்படியே தொடர்ந்திருந்தால், அந்த ஆண்டு உக்ரைனில் பிறந்த ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் 7 வயது சொச்சம். பெண் குழந்தைக்கு 11-க்கும் கீழே.

## ‘இனப்படுகொலை’ என்ற சொல்

இந்தச் சொல்லின் கனம் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. பேச்சு வழக்கில் நிறையப் பேர் கொல்லப்பட்டால் இனப்படுகொலை என்கிறோம். 1948-ன் ஐ.நா. ஒப்பந்தம் எண்ணிக்கையைக் கேட்பதில்லை, நோக்கத்தைக் கேட்கிறது. ஒரு தேசிய, இன, நிற அல்லது மதக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்தால்தான் அது இனப்படுகொலை. ‘விவசாயிகள்’ போன்ற வர்க்கம் இந்தப் பட்டியலில் இல்லை.

வரலாற்றாசிரியர்களின் சண்டை இங்கேதான். பஞ்சம் நடந்ததா, அரசு பொறுப்பா என்பதில் கருதத்தக்க யாருக்கும் மறுப்பில்லை. தாக்கப்பட்டவர்கள் விவசாயிகள் என்பதாலா, உக்ரைனியர்கள் என்பதாலா என்பதே கேள்வி.

உக்ரைனியர்கள் என்பதால்தான் என்பவர்கள், எல்லையை மூடிய ஜனவரி ஆணையைக் காட்டுவார்கள். அதே காலத்தில் உக்ரைனிய மொழியை வளர்க்கும் கொள்கை கைவிடப்பட்டதையும், எழுத்தாளர்களும் உள்ளூர்க் கட்சிக்காரர்களும் வேட்டையாடப்பட்டதையும் சொல்வார்கள். ஐந்து கதிர் சட்டம் வந்து நான்கே நாளில், ஆகஸ்ட் 11 அன்று, ஸ்டாலின் தன் நெருங்கிய கட்சிச் சகா ககனோவிச்சுக்கு எழுதிய கடிதத்தையும் எடுத்து வைப்பார்கள். நிலைமையைச் சீர் செய்யாவிட்டால் உக்ரைனை இழந்துவிடலாம் என்ற அச்சம் அதில் வெளிப்படையாக இருக்கிறது. ‘இனப்படுகொலை’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை உருவாக்கிய ரஃபேல் லெம்கினும் 1953-ல் நியூயார்க்கில் பேசியபோது உக்ரைனை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

மறுபக்கத்தார், கொள்முதல் இலக்கு பலமுறை குறைக்கப்பட்டதையும் 1933 வசந்தத்தில் விதைக் கடனும் உணவுக் கடனும் கொடுக்கப்பட்டதையும் காட்டி, கொல்லும் நோக்கம் இல்லை, மக்கள் செத்தாலும் பரவாயில்லை என்ற கொடூரம் இருந்தது என்பார்கள். வரலாற்றாசிரியர்கள் டேவிஸும் வீட்கிராஃப்டும் 2004-ல் எழுதிய நூல் ஏறக்குறைய இந்தப் பக்கம். உக்ரைன் நாடாளுமன்றம் 2006-ல் சட்டப்படி இதை இனப்படுகொலை என்று அறிவித்தது.

நான் எந்தப் பக்கம்? 1932 நவம்பருக்கு முன்பு வரை இரண்டாவது விளக்கம் பொருந்துகிறது. நவம்பருக்குப் பிறகு அது எனக்கு ஒட்டவில்லை. உங்களுக்கு வேறு மாதிரி படலாம். ஆனால் பக்கம் எடுக்கும் முன், ஆசிரியர் அந்தச் சொல்லைச் சட்டப் பொருளில் ஆள்கிறாரா, பேச்சுப் பொருளில் ஆள்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## யார் பார்த்தார்கள், யார் படம் எடுத்தார்கள்

கேரெத் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளம் பத்திரிகையாளர் 1933 மார்ச்சில் உக்ரைன் கிராமங்களில் நடந்து பார்த்துவிட்டு, பெர்லினுக்கு வந்து உலகத்துக்குச் சொன்னார். இரண்டே நாளில் நியூயார்க் டைம்ஸின் மாஸ்கோ நிருபர் வால்டர் டுராண்டி அதை மறுத்து எழுதினார். மக்கள் பசியோடு இருக்கிறார்கள், பட்டினியால் சாகவில்லை என்பது அவர் வாதம். முந்தைய ஆண்டுதான் புலிட்சர் பரிசு வாங்கியவர் அவர். யாரை நம்பியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலப் பத்திரிகையாளர் மால்கம் மக்கெரிட்ஜும் அதே மாதம் பஞ்சத்தைப் பற்றி எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கேரளத்து ஆலுவாயில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர் அவர்.

புகைப்படங்கள் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். ஹோலோடோமோர் என்று சுற்றும் படங்களில் பல 1921-22 பஞ்சத்தின்போது எடுத்தவை. அப்போது நிவாரணக் குழுக்கள் கேமராவோடு சுதந்திரமாகப் போயின. 1933-ல் அப்படிப் போக முடியாது. உண்மையான படங்கள் சொற்பம். அவற்றில் முக்கியமானவை உக்ரைனின் கார்கிவ் நகரில் வேலை பார்த்த ஆஸ்திரியப் பொறியாளர் அலெக்சாண்டர் வீனர்பெர்கர் எடுத்தவை. மேலட்டையில் 1921-ன் படத்தைப் போட்ட நூல் உள்ளே பொய்தான் சொல்லும் என்று இல்லை. ஆனால் மறுப்பாளர்களுக்கு அந்த ஒரு படம் போதும், முழுப் பஞ்சத்தையும் பொய் என்று சொல்லிவிடுவார்கள்.

## எதிலிருந்து தொடங்குவது

முதலில் வெளியான ஆண்டைப் பாருங்கள். வரலாற்றாசிரியர் ராபர்ட் கான்குவெஸ்ட் இந்தப் பஞ்சத்தைப் பற்றி 1986-ல் எழுதியபோது சோவியத் ஆவணக் காப்பகங்கள் பூட்டிக் கிடந்தன. புலம்பெயர்ந்தோரின் சாட்சியங்களையும் கிடைத்த சோவியத் வெளியீடுகளையும் வைத்துத்தான் எழுதினார். சோவியத் ஒன்றியம் உடைந்த 1991-க்குப் பிறகு வந்தவர்கள் மூல ஆணைகளையே படித்தார்கள். ஆன் ஆப்பிள்பாமின் 2017 நூல் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு அதுவே வசதி.

உக்ரைனின் இருண்ட பக்கங்கள் 1933-ல் முடியவில்லை. மேலே படித்துக்கொண்டு போனால் 1941 செப்டம்பர் 29, 30 வரும். கீவ் நகர ஓரத்தில் பாபின் யார் பள்ளத்தாக்கில் நாஜிகள் இரண்டே நாளில் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள், உள்ளூர்த் துணைப் போலீசாரும் அதில் உதவினார்கள். 1943-ல் வொலின் பகுதியில் உக்ரைனியக் கிளர்ச்சிப் படையே பல்லாயிரம் போலந்துக்காரர்களைக் கொன்றது. முதல் புத்தகத்தில் யாருக்காக அழுதோமோ, அவர்களில் சிலர் அடுத்த புத்தகத்தில் வேறு முகத்தோடு வருவார்கள். அதற்கும் தயாராக இருங்கள்.

சாட்சியங்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மேலே சொன்ன தேதிகளை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வேன். அப்போது குழந்தையாக இருந்து, முதுமையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தேதி சொல்வதில்லை. கடையில் உப்பும் தீப்பெட்டியும் இல்லாமல் போனதைச் சொல்வார்கள், அம்மாவின் மோதிரம் காணாமல் போனதைச் சொல்வார்கள், ஸ்டேஷன் வரை போன அப்பா திரும்பி வந்ததைச் சொல்வார்கள். தாளைப் பார்த்தால் உப்பு நின்றது எந்த ஆணையால் என்று தெரிந்துவிடும். அப்பா எந்த மாதத்தில் நடந்திருப்பார் என்பதும் ஏறக்குறையத் தெரியும்.